கடைசிப் பாட்டு

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் நாங்கள் குடியிருந்த காலத்தில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. வீட்டோடு ஒட்டி ஒரு சிறிய பல்கனி. அதில் துணி காயப் போடலாம். மிஞ்சிய இடத்தில் இருவர் நெருங்கி நிற்கலாம். 1986 பெப்ரவரியில் கெத்தாராம மைதானம் திறக்கப்பட்ட பிறகு, கிரிக்கெட் ஆரவாரம் அந்தப் பல்கனிக்கு எட்டும். நான் எழுத வந்தது கிரிக்கெட்டைப் பற்றியல்ல. அதே வட்டாரத்தில் பி. டி. சிறிசேன மைதானம் என்று ஒன்று உண்டு. தேர்தல் காலத்தில் அரசியல் கூட்டங்களும் மற்றைய காலத்தில் உதைபந்தாட்டமும் நடக்கும் இடம். அவ்வப்போது சுற்றிலும் தகரம் அடித்து மறைத்து, வாசலில் ரிக்கெற் கிழித்து, அங்கே ‘மியூசிக்கல் ஷோ’ வைப்பார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் சண்டையின்றிப் பகிர்ந்துகொண்ட சொற்களில் அதுவும் ஒன்று.

இந்த ஷோக்களுக்கு எழுதப்படாத ஓர் ஒழுங்கு இருந்தது. ஏழு மணி என்று சுவரொட்டியில் போட்டால் எட்டரைக்குத் தொடங்கும். முதலில் மெல்லிசைப் பாடல்கள். பிறகு ஹிந்தி மெட்டுகள். அதன் பிறகு ஆங்கில ரொக் பாடல்கள் இரண்டு மூன்று. கிற்றார்காரர் தன் வித்தையெல்லாம் காட்டுவார், முன்னால் நிற்கும் பையன்கள் தலையை ஆட்டுவார்கள். தமிழருக்கென்று ஒன்றோ இரண்டோ. எல்லாம் முடிந்து பதினொரு மணிக்கு மேல், யாருக்காக எல்லோரும் காத்திருந்தார்களோ அந்த பைலா வரும். ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்குவதில்லை. ஒன்றின் வாலில் அடுத்ததைக் கட்டி முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓட்டுவார்கள். போர்த்துக்கேயரிடமிருந்தும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரிடமிருந்தும் வந்த அந்தத் தாளம், பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் அதற்குச் சிங்களச் சொல் கட்டிய நாளிலிருந்து இந்த நாட்டின் சொந்தத் தாளமாகிவிட்டது. எந்த இசைக்குழுவும் பைலா இல்லாமல் மேடையை விட்டு இறங்க முடியாது. இறங்கினால் கதிரைகள் பறக்கும்.

இந்த ஒழுங்கை நான் விபரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அக்காவுக்கு அத்தனை பாட்டும் தெரியும். ஜிப்ஸீஸ் பாட்டு, கிளாரன்ஸ் விஜேவர்தன பாட்டு, எங்கள் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் என்று ஒன்று விடமாட்டாள். பாடல் வரி மறந்து நான் விழித்தால் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். ஆனால் ஷோவுக்குப் போனால் பத்து மணிக்கு எழும்பிவிடுவாள். அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் அவளோடு எழும்புவார்கள். மீதி நிகழ்ச்சியைப் பல்கனியில் நின்று கேட்பாள். கடைசிப் பாட்டை அவள் கேட்டதுண்டு, கண்டதில்லை.

நான் சிறு பையனாக இருந்த 1970களில் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் பொப்பிசை நிகழ்ச்சிக்கு அப்பா எங்களைக் கூட்டிப் போனார். அதுதான் எனக்கு முதல் மேடை. அந்தப் பத்தாண்டில் தமிழில் பொப் என்பது கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் ஒருசேர ஆட்டிவைத்திருந்தது. இலங்கை வானொலி அப்பாடல்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. விவசாயத்துறை படித்த நித்தி கனகரத்தினம் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு எங்கள் பேச்சுத் தமிழில் பாடியது பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதனாலேயே இளையவர்களுக்குப் பிடித்தது. மண்டபத்தில் நடுவே நடைபாதை விட்டு, பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம் என்று கதிரை போட்டிருந்தார்கள். கோயில் திருவிழாவிலும் பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும் அப்படித்தான் இருக்கும் என்பதால் அது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. நான் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அக்காவை அந்தப் பக்கம் தேடிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கைகளை மடியில் கோத்துவைத்துக்கொண்டு இருந்தாள். கால் மட்டும் கதிரைக்குக் கீழே தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பாட்டுகளையும் சற்று நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் ஓர் இளைஞன் மாமியிடம் அவளுடைய மகளைப் பற்றி விசாரிக்கிறான். இன்னொன்றில் சுராங்கனிக்கு மீன் கொண்டுவரப்படுகிறது. மற்றொன்று கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று ஓர் ஆணுக்குப் புத்தி சொல்கிறது. மகளும் சுராங்கனியும் பாட்டுக்குள் இருந்தார்கள். ஆடுகளத்தில் ஆடியவர்கள் முழுக்க ஆண்கள். மேடையில் பெண்கள் இல்லாமலும் இல்லை. 1960களிலேயே மினோன் பெர்னாண்டோ ஜெட்லைனர்ஸ் குழுவின் முன்னே நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடிக் கொழும்பை ஆளவில்லையா? இந்திராணி பெரேராவும் சகோதரிகளும் பாடவில்லையா? பெண் மேடையில் நிற்கலாம், அவளுக்குக் கீழே நின்று இன்னொரு பெண் ஆட முடியாது என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

1995 ஜனவரி 8 ஆம் திகதி போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 19 ஆம் திகதி அது முறிந்தது. இடையில் கிடைத்த அந்த நூறு நாட்களில் கொழும்பு ஏதோ நோயிலிருந்து எழும்பியவன் போல வெளியே வந்து நின்றது. இரவு நிகழ்ச்சிகள் பெருகின. நான் அப்போது பத்திரிகையில் சேர்ந்து சில வருடங்களே ஆன நிருபன். கலைப் பட்டதாரி என்பதால் கலை நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் என் தலையில் கட்டுவார்கள். பரதநாட்டிய அரங்கேற்றம் முதல் பழைய மாணவர் சங்க நாடகம் வரை. மாளிகாவத்தை ஷோவுக்கும் என்னைத்தான் அனுப்பினார்கள். என் வீட்டு வாசலில் நடந்த நிகழ்ச்சி.

நன்றாகத்தான் எழுதினேன் என்று அப்போது நினைத்தேன். மேடை அமைப்பு, ஒலி, கிற்றார்காரரின் கைத்திறன், எல்லாம் எழுதிவிட்டு இறுதிப் பந்தியில் ஓர் அபிப்பிராயத்தையும் சேர்த்தேன். அது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். தொடக்கத்தில் கணிசமாக வந்திருந்த பெண் ரசிகர்கள், இசை சூடுபிடிக்கும் வேளையில் கலைந்து சென்றதைக் காண முடிந்தது என்றும், துள்ளிசையும் ரொக்கும் நம் பெண்களின் மென்மையான ரசனைக்கு இன்னும் பழக்கப்படவில்லை என்பதையே இது உணர்த்துகிறது என்றும் எழுதினேன். ஆசிரியபீடத்தில் யாரும் அதில் கைவைக்கவில்லை. ஆண்கள் மட்டுமே இருந்த ஆசிரியபீடம் அது.

அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசித்தாள். சத்தம் போடவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தனி?”

“ஒண்டரை இருக்கும்.”

“எப்பிடி வந்தனி?”

“நடந்துதான். அஞ்சு நிமிசம்தானே.”

“அந்த அஞ்சு நிமிசத்தை ஒருக்கா என்னை மாதிரி நடந்து பார். கேற்றைத் திறந்து விடேக்க, குடிச்சுப்போட்டு நிக்கிற அவ்வளவு பேருக்கும் நடுவால. அதுக்குப் பிறகு எங்கட ரசனையைப் பற்றி எழுது.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பேசவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பத்திரிகையில் வந்ததை வீட்டில் குறை சொல்கிறாளே என்ற கோபம். அவள் சொன்னது சரி என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் அது மனதில் இறங்க இன்னொரு வருடமும் ஒரு குண்டும் தேவைப்பட்டன.

1996 ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதன் பிறகு கொழும்பில் தமிழ் இளைஞனாக இரவில் நடமாடுவது என்ன என்பதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; அனுபவியாதவர்களுக்கு விளக்கவும் முடியாது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுப் பத்திரம், பத்திரிகை அட்டை மூன்றையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அவை இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது. இப்போதும் சில வேளைகளில் கை தானாகப் போகிறது. அந்த வருடக் கடைசியில் என்னோடு வேலை செய்த ஒரு சிங்கள நண்பன் ஒரு ஷோவுக்கு வற்புறுத்தி அழைத்துப் போனான். நல்ல குழு. நல்ல இரவு. ஆனால் நான் பாட்டைக் கேட்கவில்லை, கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தச் சந்தியில் சோதனைச் சாவடி, பதினொரு மணிக்கு முன்னால் போனால் யார் நிற்பார்கள், பின்னால் போனால் யார் நிற்பார்கள், ஓட்டோவில் போவதா, நடப்பதா, நடந்தால் வேகமாக நடப்பதா மெதுவாக நடப்பதா என்ற கணக்கு. பைலா தொடங்குமுன் எழும்பினேன்.

நண்பன் சிரித்துக்கொண்டே கேட்டான்: “என்ன மச்சான், தமிழ் ஆக்களுக்கு பைலா பிடிக்காதா?”

பஞ்சிகாவத்தைச் சந்தியில், உதிரிப்பாகக் கடைகளின் மூடிய கதவுகளுக்கு முன்னால், கைகளைத் தூக்கியபடி சோதனைக்கு நின்றபோது எனக்கு அக்காவின் தேத்தண்ணி ஞாபகம் வந்தது. அவன் கேட்ட கேள்வியும் நான் எழுதிய பந்தியும் ஒன்றுதான். நான் எழும்பியதை அவன் கண்டான். ஏன் எழும்பினேன் என்பது அவன் இருந்த இடத்திலிருந்து தெரியாது. அவன் கெட்டவன் அல்லன். நானும் கெட்டவனாக அந்தப் பந்தியை எழுதவில்லை. ஆனால் எனக்கு அது ஒரு யுத்தத்தின் காலம்வரைக்கும்தான். அக்காவுக்கு அப்படி ஒரு முடிவுத் திகதி இருக்கவில்லை.

இந்தப் பிழையைச் செய்த முதல் பத்திரிகைக்காரன் நானல்லன் என்பதைப் பிறகு வாசித்தறிந்தேன். அது ஓர் ஆறுதல் அல்ல. 1844 இலேயே, பியானோ வாசித்த லிஸ்ற் என்பவரைக் கண்டு ஐரோப்பியச் சீமாட்டிகள் மயங்கி விழுவதை ஹைனே என்ற கவிஞர் ஒரு நோய்க்குரிய பெயர் வைத்து எழுதியிருக்கிறார். 1960களில் பீற்றில்ஸ் பாடுமிடமெல்லாம் சிறுமிகள் அலறினார்கள். 1965 ஓகஸ்டில் நியூயோர்க் ஷே ஸ்ரேடியத்தில் ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னே பாடியபோது தாம் பாடுவதே தமக்குக் கேட்கவில்லை என்று அந்த நால்வரும் பின்னர் சொன்னார்கள். பத்திரிகைகள் அதை ‘ஹிஸ்டீரியா’ என்றன. அதே குழுவை ஆண்கள் ரசிக்கத் தொடங்கிய பிறகுதான் அது ‘இசை ஆராய்ச்சி’ ஆயிற்று. பெண் அலறினால் நோய். எழும்பிப் போனால் ரசனைக் குறைவு. இந்த இரண்டு பெட்டிக்கு வெளியே மூன்றாவது பெட்டியை எங்கள் தொழில் செய்து வைக்கவில்லை.

ஒரு கூட்டத்தில் முன்னால் நிற்பவர் யார் என்பதை, சொல்லத் தயக்கமாக இருக்கிறது, இறந்தவர்களின் பட்டியல் சொல்லிவிடும். 1974 இல் லண்டனில் டேவிட் கசிடி என்ற பாடகரின் நிகழ்ச்சியில் நெரிபட்டு இறந்தது ஒரு பதினான்கு வயதுச் சிறுமி. அது சிறுமிகளின் கூட்டம். 2000 ஆம் ஆண்டு ஜூன் 30 இரவு டென்மார்க்கின் ரொஸ்கில்ட விழாவில் பேர்ல் ஜாம் குழு பாடிக்கொண்டிருக்கையில் ஒன்பது பேர் இறந்தார்கள். ஒன்பது பேரும் இளைஞர்கள். கடின ரொக்கின் முன்வரிசை ஆண்களுக்கென்று ஆகிவிட்டிருந்தது. தோளால் இடித்துக்கொண்டு ஆடும் அந்த வட்டத்துக்குள் போகும் பெண், இடிக்கு மட்டுமல்லாமல் கைக்கும் தப்ப வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கத்லீன் ஹனா என்ற பாடகி, பெண்கள் முன்னுக்கு வாருங்கள், ஆண்கள் பின்னுக்குப் போங்கள் என்று மேடையிலிருந்தே சொல்லிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவார். சுவீடனில் பிராவல்லா என்ற பெருவிழா பாலியல் வன்முறை முறைப்பாடுகளால் 2018 இல் நடத்தப்படாமல் விடப்பட்டது. அதே ஆண்டு ஆண்களுக்கு அனுமதியில்லை என்று அறிவித்துக் கோதன்பேர்க்கில் ஓர் இசை விழாவே வைத்தார்கள். அது பாகுபாடு என்று அந்நாட்டு அதிகாரசபை பின்னர் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி சரியாக இருக்கலாம். இரண்டு தீர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

எங்கள் மாளிகாவத்தையிலும் ஒரு நெரிசல் நடந்தது. 2020 மே மாதம், நோன்புக் காலம், கொரோனா ஊரடங்கினால் வீடுகளில் அடுப்பெரியாத நாட்கள். ஒருவர் தானமாகச் சிறு தொகைப் பணம் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள். நெரிபட்டு மூவர் இறந்தார்கள். மூவரும் பெண்கள். நான் அந்த ஒழுங்கைகளில் வளர்ந்தவன். என் வாழ்நாளில் அங்கே பெண்கள் ஒரு கூட்டத்தின் முன்வரிசைக்கு வந்து நான் அறிந்தது வீட்டுச் செலவுக்காக அந்த ஒருமுறைதான்.

அதற்கு ஐந்து வருடம் முன்னால், 2015 டிசெம்பர் 20 ஆம் திகதி, கொழும்பு 7 இல் என்ரிகே இக்லேசியஸ் பாடினார். வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். சில பெண்கள் மேடைக்கு ஏறி அவரை முத்தமிட்டார்கள்; உள்ளாடை ஒன்று மேடைக்கு வீசப்பட்டது என்றும் செய்தி வந்தது. நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கியது, ஒழுங்குகள் மோசம் என்பதெல்லாம் பணம் கொடுத்தவர்களின் முறைப்பாடு. நாடு பேசியது அந்த உள்ளாடையைப் பற்றி. அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஒரு பொதுக்கூட்டத்தில், அந்தப் பெண்களை அடிக்கச் சொல்லவில்லை, ஆனால் இதை ஒழுங்கு செய்தவர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்றார். திருக்கை வாலடி என்றால் என்ன என்று எங்கள் பாட்டி பூட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒரு நாட்டின் தலைவர் அதை 21 ஆம் நூற்றாண்டில் இசை நிகழ்ச்சிக்கு விதிக்கச் சொன்னது உலகச் செய்தியாயிற்று.

நான் அந்த வாரம் ஒரு கணக்குப் போட்டேன். நிருபனாகவும் ரசிகனாகவும் நான் பார்த்த மைதான நிகழ்ச்சிகள் நூறாவது இருக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றாத ஒரு நிகழ்ச்சி அவற்றில் இல்லை. போத்தல் வீசியதையும் மேடையில் ஏறிப் பாடகரைக் கட்டிப் பிடித்ததையும் கண்டிருக்கிறேன். எந்த ஜனாதிபதியும் கலாசாரம் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நானும் எழுதியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘ரசிகர்கள் உற்சாக மிகுதியால்’ என்றுதான் எழுதுவோம். அந்தச் சொற்றொடர் எங்களிடம் எப்போதும் அச்சுக்கோத்துத் தயாராக இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து, 2018 ஜனவரியில், பெண்கள் மதுபானம் வாங்கக்கூடாது என்ற 1979 ஆம் ஆண்டுத் தடையை நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள் அதே ஜனாதிபதி அதை மீண்டும் போட்டுவிட்டார். மது நல்லதென்று நான் சொல்ல வரவில்லை. என் வயதில் அதைச் சொல்லும் தகுதியும் எனக்கு வைத்தியர் விட்டுவைக்கவில்லை. வாசலில் குடித்துவிட்டு நிற்பவனுக்கு ஒரு சட்டமும் இல்லை, அவனைக் கடந்து போக வேண்டியவளுக்கு மட்டும் சட்டம் இருக்கிறது என்பதைத்தான் குறித்து வைக்கிறேன்.

அந்த ‘கடந்து போவது’ பற்றி ஓர் இலக்கமும் உண்டு. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் பொதுப் பேருந்திலும் புகையிரதத்திலும் பாலியல் தொல்லைக்கு ஒருமுறையாவது ஆளான பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். பொலிஸில் முறையிட்டவர்கள் நூற்றுக்கு நான்கு. பட்டப்பகல் பேருந்தின் கணக்கே இது. நள்ளிரவு மைதான வாசலுக்கு யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. அக்கா தன் கணக்கைத் தானே போட்டு வைத்திருந்தாள்: பத்து மணி.

எங்கள் ஊர்தான் இப்படி, இந்தியா தேவலை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2023 செப்டெம்பர் 10 ஆம் திகதி சென்னையில் ஏ. ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சிக்கு இடத்துக்கு மிஞ்சிய கூட்டம் சேர்ந்து, ரிக்கெற் இருந்தும் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலுக்குள் தங்களைத் தகாத முறையில் தொட்டார்கள் என்று பெண்கள் பலர் சமூக ஊடகங்களில் எழுதினார்கள். ரஹ்மான் வருத்தம் தெரிவித்து, பார்க்க முடியாமல் போனவர்களுக்கு வழி செய்ய முன்வந்தார். அதுவரை சரி. ஆனால் ஆண்கள் எழுதியவை ரிக்கெற் விலை, வாகனத் தரிப்பிடம், ஒலி கேட்கவில்லை என்பன பற்றி. பெண்கள் எழுதியவை அவற்றோடு இன்னொன்றையும் பற்றி. ஒரே நிகழ்ச்சி, ஒரே நெரிசல்.

அக்கா 1998 இல் கனடா போனாள். 2013 பெப்ரவரியில் ரொறன்ரோவில் ரொஜர்ஸ் சென்ரரில் இளையராஜாவின் நிகழ்ச்சி. முந்திய ஆண்டு நவம்பரில் நடக்கவிருந்து, அது மாவீரர் மாதம் என்று எதிர்ப்பு எழுந்து தள்ளிப்போன நிகழ்ச்சி. வெளியே கடும் குளிர். இங்கே எனக்கு மத்தியானம். தொலைபேசி அடித்தது. வழக்கமாகக் கடமைக்குச் சுகம் விசாரிப்பவள் அன்று விசாரிக்கவில்லை.

“தம்பி, இப்பதான் வீட்டுக்கு வந்தனான். முடியும்வரைக்கும் இருந்தனான்டா.”

“எல்லாப் பாட்டும் பாடினவரோ?”

“அதை விடு. கடைசிப் பாட்டுக்கு லைற் எல்லாம் போடுவினம் எண்டு எனக்குத் தெரியாது. சனம் முழுக்க எழும்பி நிக்கும் எண்டும் தெரியாது. நான் நினைச்சுக்கொண்டிருந்தது வேற மாதிரி.”

அப்போது அவளுக்கு ஐம்பது வயதாகப் போகிறது. எத்தனை மணிக்கு வந்தாய், எப்படி வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: தானே கார் ஓட்டி வந்தாளாம், வழியில் நிறுத்திக் கோப்பியும் வாங்கினாளாம். தொலைபேசியை வைத்த பிறகு அந்தப் பழைய பத்திரிகை நறுக்கைத் தேடினேன். என் கோப்பில் இருந்தது. அவளிடம் ஒன்று இருந்ததா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

இப்போது என் மகளின் முறை. பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போகிறாள். பல்கனியில் நின்று பாட்டுக் கேட்கிற பிள்ளை அல்ல; அந்தப் பல்கனியும் இப்போது எங்களிடம் இல்லை. போன மாதம் கொழும்பில் ஒரு ரொக் நிகழ்ச்சி. உள்ளூர்க் குழுக்கள் நான்கோ ஐந்தோ. தோழிகளோடு போவதாகச் சொன்னாள், கேட்கவில்லை, சொன்னாள். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு, ‘எத்தனை மணிக்கு முடியும்’ என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அக்காவின் சாடை இருந்தது. தானும் தோழிகளும் ஒரு கார் பேசி வருவதாகச் சொன்னாள். அதெல்லாம் வேண்டாம், நான் வந்து நிற்கிறேன் என்றேன். பாதுகாப்புக்காக என்று அவளுக்கும் எனக்கே எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வாசலுக்குப் போனால் அங்கே இன்னொரு சபை கூடியிருந்தது. அப்பாமார். காருக்குள் ஆசனத்தைச் சாய்த்துக்கொண்டு சிலர், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு சிலர், மதிலோரம் நின்றபடி சிலர். இருபது முப்பது பேர் இருப்போம். எல்லோர் கையிலும் தொலைபேசி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கேட்டது. என் பக்கத்தில் நின்றவர் வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தார். மகனும் உள்ளே, மகளும் உள்ளே என்றார். மகனுக்காகவும் இப்படி வந்து நின்றிருக்கிறீர்களா என்று கேட்டேன். தொழில் புத்தி விடாது. சற்று யோசித்துவிட்டு, “மகன் தானே வந்துவிடுவான்” என்றார். பிறகு, அவர் இளைஞராக இருந்தபோது அவருடைய அப்பா இப்படித்தான் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் வந்து நின்றாராம் என்று அவராகவே சொன்னார். இருவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

மதிலுக்கு இந்தப் பக்கம் பாட்டின் சொற்கள் வருவதில்லை. அடித்தாளம் மட்டும் வருகிறது, நெஞ்சுக்குள். உள்ளே என்ன பாட்டு, மேடையில் யார், முன்னால் நிற்பது யார் என்று ஒன்றும் தெரியாமல் தாளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். திடீரென்று அந்தத் தாளம் மாறியது. எனக்குத் தெரிந்த தாளம். கருப்புச் சட்டைப் பையன்களின் ரொக் நிகழ்ச்சியானால் என்ன, இந்த நாட்டில் யாரும் பைலா இல்லாமல் மேடையை விட்டு இறங்க முடியாது.

தொலைபேசி அடித்தது. உள்ளே இருந்த இரைச்சலில் மகள் கத்திப் பேசினாள்.

“அப்பா, இன்னும் முடியேல்ல. ரெண்டு மூண்டு பாட்டு இருக்காம். வரட்டா?”

“இல்லை, நீ நில்” என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை, மற்ற அப்பாமார் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னேன்.